மச்சான் மோதிரமும் என் இடது காலும்

என் இடது கால் போனதற்குப் பாதிக் காரணம் கிருமி. மீதிப் பாதி நாங்கள். கிருமியைப் பற்றி டாக்டர்கள் எழுதிக்கொள்வார்கள். எங்களைப் பற்றி என் வீட்டில் யாரும் எழுதப்போவதில்லை. நான் எழுதுவது தெரிந்தால் அதற்கும் ஒரு சண்டை வரும். வரட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்து நான்கு வயது. ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோத்துக் கழற்றும் வேலை. கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். வீட்டில் அம்மா, மனைவி செல்வி, தங்கை மல்லிகா, நான். அப்பா இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஆண் பிள்ளை நான் ஒருவன்தான்.

முதலில் வந்தது முதுகுவலி. நடு முதுகில், தோள்பட்டைக்கு ஒரு சாண் கீழே. இரும்புச் சங்கிலியைத் தூக்கி மாட்டுகிற எவனுக்கும் முதுகு வலிக்கும். அதனால் ஆறு மாதம் நான் டாக்டரிடம் போகவில்லை. தைலம் தேய்த்தேன். பங்சாரில் உருட் என்று உடம்பு பிடித்துவிடுகிற ஒரு மலாய்க்காரக் கிழவரிடம் வாரம் ஒருமுறை போய்க் குப்புறப் படுத்தேன். அவர் முழங்கையை வைத்து முதுகை அழுத்துவார். உள்ளே நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். "சூடா பாகூஸ்" என்பார். சரியாகிவிட்டதாம். நானும் நம்பி வீட்டுக்கு வருவேன். அந்தச் சமயத்தில் உள்ளே இரண்டு எலும்புகள் உளுத்துப்போயிருந்தன. உளுத்த மரத்தை ஒருவர் முழங்கையால் குத்த, நான் அதற்குக் காசும் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மாலையானால் காய்ச்சல். தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டேன். ஒரு நாள் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த செல்வி கையை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது, கொட்டைப்பாக்கு மாதிரி ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கு?"

அதற்கும் நான் போகவில்லை. எஞ்சின் படியில் இடது காலை வைத்ததாக நினைத்து வெறும் காற்றில் வைத்து விழுந்த பிறகுதான் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பது ஒரு தனி வேலை. காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்தால் பதினொன்றுக்குக் கூப்பிடுவார்கள். முதுகு வலிக்கிறவனுக்கு முதுகுச் சாய்வு இல்லாத பெஞ்சு. எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முன்கையில் ஒரு ஊசி போட்டு மூன்று நாள் கழித்து அந்த வீக்கத்தை அளந்தார்கள். மூன்று நாள் காலையில் சளி வாங்கினார்கள். கடைசியாக, முதுகில் ஊசி குத்தி மருந்தை உள்ளே விட்டு, என்னை ஒரு மேசையில் கட்டித் தலைகீழாகச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். அந்த மருந்து எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறதோ அங்கே நரம்பு நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு முழுதாக நின்றுவிட்டது.

டாக்டர் யோங் அறுவை மருத்துவர், சீனர். என்னிடம் மலாயில் பேசுவார். வளவளவென்று பேசமாட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பு என்பது பால் டின்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல. எனக்கு அந்த அடுக்கில் இரண்டு டின் நசுங்கி ஒன்றாகியிருந்தது. அதைச் சுற்றிச் சீழ். சீழும் உடைந்த எலும்பும் பின்னால் இருக்கிற நரம்புத் தண்டை அழுத்துகின்றன. முதுகெலும்பில் டீபி என்றார்.

நான் இருமவே இல்லையே என்றேன். கிருமி நுரையீரல் வழியாகத்தான் எப்போதோ நுழைந்திருக்கும், ரத்தத்தில் போய் எலும்பில் உட்கார்ந்துவிட்டது என்றார். சளியில் கிருமி இல்லை, அதனால் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். அதை வார்டு நர்ஸ் புஷ்பம் மிஸ்ஸி செல்விக்கும் அம்மாவுக்கும் தமிழில் இரண்டு தடவை சொன்னார். பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது.

அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மிஸ்ஸி போனதும் கட்டில் பக்கம் குனிந்தார்.

"யாரு கேட்டாலும் சிலிப் டிஸ்க்குன்னு சொல்லு. புரியுதா? சிலிப் டிஸ்க்கு."

மல்லிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கிள்ளானில் துறைமுகத்தில் கிளார்க். இன்னும் ஒரு மாதம் இருந்தது. டீபி என்ற ஒரு வார்த்தை கிள்ளான் வரைக்கும் போனால் தாம்பூலத் தட்டு திரும்பி வந்துவிடும் என்று அம்மா நம்பினார். நானும் நம்பினேன். அம்மாவை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கப்போவதில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு பெண்ணுக்கு, அவள் சித்தப்பா டீபி சானடோரியத்தில் இருந்தார் என்று மூன்று வரன் தட்டிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆக, சிலிப் டிஸ்க்.

அசையாமல் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். தினமும் காலையில் இடுப்பில் ஒரு ஊசி. அதனால் காதுக்குள் சில்வண்டு கத்தும். மூன்று வகை மாத்திரை. அதில் ஒன்று சிவப்புக் குளிகை. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சுத் தண்ணி மாதிரி போகும். முதல் நாள் ரத்தம் என்று பயந்து கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் பாக் ஹசான் செம்பனை மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். அவர் என் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "சிராப் பண்டோங் லா" என்று சிரித்தார். கல்யாண வீட்டில் கொடுக்கிற சர்பத்தாம்.

தினமும் டாக்டர் வந்து காலைத் தூக்கச் சொல்வார். சாவியால் உள்ளங்காலைக் கீறுவார். மூன்றாவது வாரம் இடது கால் ஒரு சாண் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. மருந்து வேலை செய்கிறது, ஆனால் நரம்புக்கு அதுவரை பொறுமை இல்லை, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார்.

அதற்கு இரண்டாம் நாள், ஞாயிறு, கல்யாணம்.

எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் அண்ணன் தம்பிக்கு ஒரு வேலை உண்டு. மாப்பிள்ளை மண்டபத்து வாசலுக்கு வந்ததும் மச்சான்காரன் மாலை போட்டு, விரலில் மோதிரம் போட்டு, கையைப் பிடித்து மணவறை வரைக்கும் நடத்திக்கொண்டு போக வேண்டும். பெரியப்பா மகன் மணியை விட்டுச் செய்யலாம் என்றுதான் முதலில் பேசியிருந்தோம். அதைக் கெடுத்தது ஒரு பார்வை.

புதன்கிழமை மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். லோரி கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒல்லியான, மரியாதையான மனிதர். கோழி எசென்ஸ் பாட்டில் ஆறு வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது புஷ்பம் மிஸ்ஸி மாத்திரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். மாமாவின் கண் அந்தக் கிண்ணத்துக்குப் போனது. போனது திரும்பவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிலிப் டிஸ்க்குதானே தம்பி?"

"ஆமா மாமா."

"ரெஸ்ட் எடுங்க. ரெஸ்ட்தான் முக்கியம்."

எழுந்து போய்விட்டார். அம்மா வாங்கி வைத்த தேத்தண்ணியைக் கூடக் குடிக்கவில்லை.

அம்மா அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொன்னார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூடப் பிறந்தவன் வாசலில் நிற்காமல் மணி நின்றால் மண்டபம் முழுக்கக் கேட்கும். அண்ணன் எங்கே, அப்படி என்ன நோய், எந்த வார்டு? ஒருத்தன் வார்டுக்கு வந்து சீட்டைப் பார்த்தால் முடிந்தது. நான் போய் நின்றால் எல்லா வாயும் மூடிவிடும். செல்வி மட்டும், கால் போனால் யார் தருவார்கள் என்று கேட்டாள். வாயை மூடு என்று கத்தியது அம்மா இல்லை, நான். மல்லிகா சாயங்காலம் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ இல்லாமல் எனக்கு என்ன கல்யாணம் அண்ணே என்றாள். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை.

ஆபரேஷனை ஒரு வாரம் தள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். முடியாது என்றார். அப்படியென்றால் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். ஒரு தாளைக் கொடுத்தார். என் சொந்தப் பொறுப்பில் போகிறேன், என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. ஏன் போகிறாய் என்று கேட்டார். தங்கை கல்யாணம் என்றேன். தங்கைக்கு எத்தனை வயது என்று கேட்டார். இருபத்து நாலு என்றேன். "அவளுக்கு நடக்கத் தெரியும்தானே, தனியாகப் போகட்டும்" என்றார் மலாயில். நான் கையெழுத்துப் போட்டேன்.

முதுகுக்கு மாவுக்கட்டுச் சட்டை ஒன்று போட்டு அனுப்பினார்கள். அதற்கு மேல் பெரிய ஜிப்பா. மணி வலது பக்கம் என் தோளோடு ஒட்டி நின்றான். கிள்ளானில் மண்டப வாசலில் பதினோரு மணி வெயில். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தார் ரோட்டில் மாப்பிள்ளை காருக்காகக் காத்திருந்தோம். நாதஸ்வரக்காரர்களே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். மணி, "யப்பா, தோசைக்கல்லு லா" என்று குதித்தான். நான் மட்டும் அசையாமல் நின்றேன். எனக்குச் சுடவில்லை. ஒரு கிழவி, "பாரு, தங்கச்சி மேல எவ்வளவு பாசம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மாலை போட்டேன். மோதிரம் போட்டேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தேன். அவர் என்னைப் பிடித்து நடந்தார் என்பதுதான் சரி. மணவறைக்கு எத்தனை அடி என்று தெரியாது. கால் தரையில் இருக்கிறதா என்று ஒவ்வோர் அடிக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். மாமா மணவறைப் பக்கத்தில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்ததும் என்னை ஒரு அறையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள்.

மறுநாள் காலை எழ முடியவில்லை. இரண்டு காலும் வேறு யாருடையதோ மாதிரி கிடந்தன. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது, சிறுநீர் இறங்கவில்லை. தொப்புளுக்குக் கீழே செல்வி கிள்ளினாள், தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வார்டில் புஷ்பம் மிஸ்ஸி என் காலைத் துடைக்கும்போது நிறுத்திவிட்டார். இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. "எதுல அண்ணே மிதிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மிஸ்ஸி மருந்து போட்டார்.

அன்றே ஆபரேஷன். டாக்டர் யோங் என்னைத் திட்டவில்லை. போன வாரம் நீ நடந்து வெளியே போனாய் என்றார். அவ்வளவுதான்.

என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பயந்துகொண்டு போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நோயில் முதுகெலும்பின் முன்பக்கம்தான் அழுகுகிறது. அதனால் முதுகு வழியாகப் போகாமல் விலாப் பக்கம் வெட்டி, ஒரு விலா எலும்பை எடுத்து, நுரையீரலை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள். புளித்த தயிர் மாதிரி அரைக் கிண்ணம் சீழ் வந்ததாம். செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து நரம்புத் தண்டை விடுவித்தார்கள். நடுவில் விழுந்த பள்ளத்தில், எடுத்த விலா எலும்பையே துண்டாக்கி முட்டுக் கொடுத்தார்கள். அது மெல்ல மெல்ல மேலும் கீழும் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். ஒட்டுகிற வரைக்கும் அசையக் கூடாது.

அசையக் கூடாது என்று எழுத இரண்டு வார்த்தை. எனக்கு அது நான்கு மாதம். உடம்பின் அச்சில் வார்த்த மாவுக்கட்டுத் தொட்டிக்குள் படுக்கை. நெஞ்சில் ஒரு குழாய், கட்டிலுக்கடியில் ஒரு பாட்டில், மூச்சு விட்டால் அதில் குமிழி. குழாயை எடுத்தபோது என் ஈரக்குலையை உருவியது மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு பேர் சேர்ந்து மரக்கட்டையைப் புரட்டுவது போலப் புரட்டுவார்கள். ஒருவர் கை முந்தினால் நான் கெட்ட வார்த்தை பேசுவேன். மலத்துக்கும் சிறுநீருக்கும் அடுத்தவர் கை. வெட்கம் முதல் வாரத்தோடு போய்விட்டது.

செல்வி தினமும் பஸ் பிடித்து வந்தாள். பின்னல் ஊசியின் முனையில் பஞ்சு சுற்றி மாவுக்கட்டுக்குள் விட்டு அரிக்கிற இடத்தைத் தடவுவாள். நான் வாயை மூடச் சொன்னதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாக் ஹசான் தன் மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வியர்வையில் கிடந்தார். அம்மா வருவார், திருநீறு பூசுவார், புதிதாக வந்த தமிழ் நோயாளி நமக்குத் தெரிந்தவனா என்று மெதுவாகக் கேட்பார். மல்லிகா ஒரே ஒரு தடவை வந்தாள். வயிற்றில் பிள்ளை, ஆஸ்பத்திரிக் காற்று ஆகாது என்று அம்மா அவளைக் கட்டிலின் கால்மாட்டோடு நிறுத்திவிட்டார்.

ஆறாவது வாரம் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. சிறுநீர் திரும்பியது. வலது கால் வந்துவிட்டது. இடது கால் முட்டிக்குக் கீழே வரவே இல்லை. பாதம் தொங்கிப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை செய்திருந்தால் வந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அநேகமாக என்றார். ஊன்றுகோலோடு வெளியே வந்தேன். யார்டு வேலை போய், ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டு எண்ணுகிற வேலை கொடுத்தார்கள்.

மாத்திரை பதினெட்டு மாதம். மாதம் ஒருமுறை கோலாலம்பூரில் நெஞ்சு நோய் கிளினிக்குக்குப் போய் வாங்க வேண்டும். கடைசிக்கு முந்தின தடவை போனபோது, மருந்து ஜன்னல் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். இருமியபோது பேப்பர் இறங்கியது. மாமா.

கிள்ளானில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கோலாலம்பூர் வரைக்கும் வந்திருக்கிறார். ஜன்னலில் அவருக்குக் கொடுத்த பொட்டலத்திலும் அதே சிவப்புக் குளிகை. இருவரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு உங்க கட்டில்ல அந்த சிவப்பு மாத்திரயப் பாத்தேன்ல, அப்பவே தெரியும் தம்பி. நான் அதச் சாப்பிட ஆரம்பிச்சு அப்ப ரெண்டாவது மாசம்."

"ஏன் மாமா சொல்லல?"

"நீங்க சொல்லலியே. சொன்னா நீங்க பொண்ணு குடுப்பீங்களா?"

அந்தப் பார்வை சந்தேகம் இல்லை. பயம். அவர் மறைத்ததை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பார்த்து நாங்கள் பயந்து, நான் ஒரு காலைக் கொண்டுபோய்க் கிள்ளான் ரோட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவரை அடிக்கத்தான் தோன்றியது. அவர் பேசிக்கொண்டே போனார். கல்யாணத்துக்கு வீடு நிறைய ஆட்கள், சிறுநீர் சிவப்பாகப் போவதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மருந்தை நிறுத்தியிருக்கிறார். பிறகு சாப்பிட்டார், மறுபடி விட்டார். போன மாதம் இருமலில் ரத்தம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

"சளியில கிருமி இருக்கா மாமா?"

"இருக்குன்னுதான் சொல்றாங்க." கொஞ்சம் சிரித்தார். "வீட்டுல யாருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க. சின்னவளுக்கு மாப்பிள்ள பாக்குறோம். பேத்தி பொறந்ததிலேருந்துதான் மனசுக்கு ஒரு தெம்பு. என் மடியிலதான் தூங்குவா."

மல்லிகாவின் மகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

என்னுடையது தொற்றாத நோய். அதை மறைக்க ஒரு காலைக் கொடுத்தோம். இவருடையது தொற்றுகிற நோய். அதை மறைத்துக்கொண்டு பேத்தியை மடியில் தூங்கப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்து நேராகக் கிள்ளான் பஸ்ஸைப் பிடித்தேன். மல்லிகாவிடம் பிள்ளையைத் தூக்கு, எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவள் மாமியார், புருஷன் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். அந்த வீட்டில் அன்று நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை.

மல்லிகாவுக்கு எக்ஸ்ரே சுத்தம். குழந்தையின் கையில் ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது. கிருமி உள்ளே போய்விட்டது, இன்னும் நோயாகவில்லை, மருந்து கொடுத்தால் ஆகாமல் தடுத்துவிடலாம் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊட்டினாள். மாமாவின் சின்ன மகளுக்கு வந்த வரன் போய்விட்டது. மல்லிகா ஒரு நாள் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் சொல்லிவிட்டுப் போனாள்.

"உன் கால் போன எரிச்சல என் வீட்டுல வந்து தீத்துக்கிட்ட. இனிமே நீ எனக்கு அண்ணனும் இல்ல, நான் உனக்குத் தங்கச்சியும் இல்ல."

அம்மாவும் அவள் பக்கம்தான்.

நான்கு வருடம் கழித்து மணிக்குக் கல்யாணம். கிள்ளானில் அதே மண்டபம். நான் வாசலுக்கு வெளியே மரத்தடியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தேன். மல்லிகா என்னைப் பார்க்காதது போல உள்ளே போனாள். அவள் மகள் செருப்பை உதறிவிட்டு வெயிலில் ரோட்டுக்கு ஓடினாள். இரண்டு அடி வைத்ததும் "அம்மா, சுடுது, சுடுது" என்று ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடி வந்தாள். என் பக்கத்தில் நின்று உள்ளங்காலைத் தூக்கி ஊதிக்கொண்டாள்.

"ரொம்பச் சுடுதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப."

நல்லது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முறைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.